புள்ளி சரி... பாதை?

அண்ணனூருக்கு முதல் தடவையாக ஒரு வீட்டைத் தேடிக்கொண்டு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் யாரையாவது விசாரித்தால், பதில் சொல்வதற்கு முன்னால் அவர் உங்களை ஒரு கேள்வி கேட்பார். ‘‘ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கமா... அந்தப் பக்கமா சார்?’’

திருமுல்லைவாயலுக்கும் ஆவடிக்கும் நடுவில், அரக்கோணம் லைனில் இருக்கிறது அண்ணனூர். மின்சார ரயில்களைப் பழுது பார்த்து அனுப்பும் ஷெட் இங்கேதான். எனவே தண்டவாளத்துக்குப் பஞ்சமில்லை! போனில் பார்த்தால் நீங்கள் நிற்கும் நீலப்புள்ளியும், தேடி வந்த வீட்டின் சிவப்புக் குறியும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு நிற்கும். நிமிர்ந்தால் அந்த வீட்டு மொட்டை மாடியில் காயும் வேட்டிகூடத் தெரியும். ஆனால் நடுவே ரயில் பாதை. நடந்து போகிறவருக்கு ஒரு வழி, காரில் வருகிறவருக்கு வேறு வழி. அது எது என்பது அந்தப் புள்ளிக்குத் தெரியாது. பெட்டிக்கடைக்காரருக்குத் தெரியும்.

நான் எங்கே நிற்கிறேன் என்பது ஒரு சமாசாரம். இங்கிருந்து எப்படிப் போவது என்பது முற்றிலும் வேறு சமாசாரம். முதலாவது வானத்திலிருந்து வருகிறது. இரண்டாவது, தரையில் யாரோ அலைந்து திரிந்து, எழுதி, கோடு போட்டு வைத்தது. நாம் இரண்டையும் சேர்த்து ‘ஜி.பி.எஸ்.’ என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். சொந்த ஊரில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. பாஷை தெரியாத தேசத்தில், வாடகைக்கு எடுத்த காரில், ரோட்டின் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதே குழப்பமாக இருக்கும்போதுதான் வித்தியாசம் உறைக்கும்.

வெளிநாட்டில் சிம் கார்டு வேலை செய்யாமல் போனவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஏர்போர்ட்டின் வை-ஃபை தாண்டியதும் மேப் காணாமல் போய்விடும். திரை வெறும் சாம்பல் நிறக் காகிதம். ஆனால் நீலப்புள்ளி மட்டும் சமர்த்தாக நகர்ந்துகொண்டே இருக்கும்! காரணம், உங்கள் போன் செயற்கைக்கோளுடன் பேசுவதே இல்லை. ரேடியோப் பெட்டி மாதிரி சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு சிம்மும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம், பத்து பைசா கட்டணமும் கிடையாது. காசு, டேட்டா எல்லாம் புள்ளிக்கு அடியில் விரிக்கப்படும் அந்த மேப்புக்குத்தான்.

காமர்ஸ் படித்தவன் புத்தி, உடனே விலையைப் பார்க்கச் சொல்கிறது. பல்லாயிரம் கோடி செலவில் அமெரிக்கா பறக்கவிட்ட செயற்கைக்கோள்களின் சிக்னல் உலகத்துக்கே இலவசம். ஆனால், ஊர் ஊராகக் கார் ஓட்டி, எது ஒன்வே, எங்கே பாலம், எங்கே திரும்பக் கூடாது என்று எழுதி வைத்த ‘நாவ்டெக்’ என்ற கம்பெனியை நோக்கியா வாங்கியது (பேரம் 2007-ல், முடிந்தது 2008-ல்). கொடுத்த விலை 810 கோடி டாலர்! எது அரிய சரக்கு என்பதை மார்க்கெட் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறது.

புள்ளி, பாதை இரண்டுக்கும் தனித்தனியாக நெடிய பூர்வகதை உண்டு. இரண்டிலுமே நம்ம ஊருக்குப் பங்கு இருக்கிறது.

பாதையிலிருந்து ஆரம்பிக்கலாம். தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய மைல்கல் ஒன்றைப் பார்க்கலாம். மைல்கல் என்பது தப்பு, ‘காதக்கல்’ என்று சொல்ல வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ‘அதியமான் பெருவழி’ என்ற நெடுஞ்சாலையில் நட்டிருந்த கல். நாவல்தாவளம் என்கிற இடத்துக்கு இன்னும் 29 காதம் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். விசேஷம் அதில் இல்லை. எழுத்துக்குக் கீழே பெரிய குழி இரண்டு, சின்னக் குழி ஒன்பது! பெரியது பத்து, சின்னது ஒன்று. இரண்டு பத்தும் ஒன்பதும் இருபத்தொன்பது. படிக்கத் தெரியாத வண்டிக்காரரும், தமிழே தெரியாத வெளிதேச வியாபாரியும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நள்ளிரவில்கூட! அந்நிய தேசத்தில் சாலையில் போகிறவனுக்கு என்ன கஷ்டம் என்பதை யோசித்துச் செய்த வேலை இது. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் நம்ம ஆட்கள் காட்டிய இந்தக் கரிசனத்தை, இன்றைய நெடுஞ்சாலைப் பலகைகளில் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால், அந்தக் கல் உங்களிடம் ‘நீ எங்கே இருக்கிறாய்’ என்று சொல்லாது. சாலையை விட்டு விலகினால் அதோ கதிதான்.

இனி புள்ளி. 1799 ஏப்ரல். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே கும்பினிப் படை. திப்பு சுல்தானுடனான கடைசி யுத்தம். ஜெனரல் பேர்ட் என்பவர் இருட்டில் ஒரு படைப்பிரிவை நடத்திக்கொண்டு போகிறார். தெரியாத மண், ராத்திரி. கூட வந்த வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி அண்ணாந்து நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு, ‘ஐயா, நாம் தெற்கே போகவில்லை, வடக்கே போகிறோம். நேராக எதிரி முகாமுக்கு!’ என்கிறார். ‘நட்சத்திரம் பார்த்துப் படை நடத்த வேண்டிய அவசியம் எனக்கில்லை’ என்ற ரீதியில் ஜெனரல் முதலில் அலட்சியப்படுத்துகிறார். பிறகு சந்தேகம் தட்ட, திசைகாட்டியைப் பார்த்தால்... லாம்டன் சொன்னதுதான் சரி. மொத்தப் படையும் அபௌட் டர்ன்!

வானத்தைப் பார்த்து ‘யூ டர்ன் எடுக்கவும்’ என்று சொன்ன அந்த லாம்டன் கூச்ச சுபாவி. ஒரு காலத்தில் சூரிய கிரகணத்தைப் பார்க்கப்போய் ஒரு கண்ணில் பார்வை கெட்டுப்போனவர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் யார்க்டவுனில் சிறைப்பட்டவர். ஐம்பதை நெருங்கும் வயதில், மற்றவர்கள் பென்ஷன் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இந்த மனுஷன் ஒரு யோசனை சொன்னார்: இந்தியாவை அளந்துவிடலாம்!

ஆரம்பித்த இடம் பரங்கிமலை. அண்ணனூரிலிருந்து காக்கை பறந்தால் பதினைந்து கிலோமீட்டர்கூட இராது. 1802 ஏப்ரல் 10-ம் தேதி, கத்திரி வெயில் வரப்போகிற நேரத்தில், மலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார்கள். நூறடி நீள எஃகுச் சங்கிலி. அதற்கு ஒரு முன்ஜென்மம் உண்டு. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாக இங்கிலாந்திலிருந்து கொண்டுபோகப்பட்டு, அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதில் கை மாறிக் கை மாறி மெட்ராஸுக்கு வந்து சேர்ந்தது. வெயிலில் எஃகு நீளுமே? எனவே சங்கிலியைத் தரையில் போடவில்லை. முக்காலிகள் மேல் மரப்பெட்டிகள், அதற்குள் சங்கிலி, பக்கத்தில் தெர்மாமீட்டர், மேலே நிழலுக்குக் கூடாரம். நூறடி அளந்ததும் அத்தனையையும் தூக்கிக்கொண்டு அடுத்த நூறடி. இப்படி நானூறு தடவை! ஏழரை மைல். ஆறே கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிச் சலித்துப்போகும் நாம் அந்தப் பொறுமையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எதற்காக இவ்வளவு? பள்ளிக்கூட ஜியோமிதிதான். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் அளக்காமலே கணக்குப் போட்டுவிடலாம். அப்படிக் கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். அதன் மேல் இன்னொன்று. கோயில் கோபுரம், மலை உச்சி என்று ஏறி ஏறிக் கோணம் பார்த்துக்கொண்டே போனால், பரங்கிமலைச் சங்கிலி தேசம் முழுக்க நீண்டுவிடும். முதல் கோடு தப்பானால் இமயமலை வரை எல்லாமே தப்பு. ஓப்பனிங் பேலன்ஸ் மாதிரி!

கோணம் அளக்க அரை டன் எடையில் ‘தியோடலைட்’ என்ற ராட்சசக் கருவி லண்டனில் தயாராகிக் கப்பலில் வந்தது. நடுக்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். திறந்து பார்த்து, இது யுத்தத் தளவாடம் அல்ல, விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும், மரியாதையாக மெட்ராஸுக்கு அனுப்பி வைத்தார்கள். சண்டை போட்டுக்கொண்டே நாகரிகமாகவும் இருந்திருக்கிறார்கள். 1808-ல் அதே கருவியைத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் மேலே கயிறு கட்டித் தூக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து, நெளிந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துத் தட்டிச் சரி செய்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

பலன் என்ன தெரியுமா? மெட்ராஸிலிருந்து மங்களூர்வரை தீபகற்பத்தின் அகலம் 400 மைல் என்று அதுவரை மேப்புகள் சொல்லிவந்தன. லாம்டன் அளந்தார். 360 மைல்தான்! கும்பினியாரின் நிலத்தில் நாற்பது மைல் ஒரே நாளில் ஸ்வாஹா. வரி வசூலிக்கும் அதிகாரிகளின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று யூகித்துக்கொள்ளுங்கள்.

1823-ல், ஹிங்கன்காட் என்ற இன்றைய மகாராஷ்டிர ஊரில், அளந்துகொண்டிருக்கும்போதே லாம்டன் இறந்துபோனார். அவருக்குப் பிறகு எவரெஸ்ட். அவருக்கும் பிறகு, 1852 வாக்கில், ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி கணக்குப் போட்டு ‘பதினைந்தாவது சிகரம்’தான் உலகத்திலேயே உயரம் என்று கண்டுபிடித்ததும், அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயரை வைத்ததும் பள்ளிப் பாடம். காய்ச்சலிலும் காட்டிலும் செத்துப்போன கொடி பிடிப்பவர்கள், மூட்டை தூக்கிகள் பெயரெல்லாம் எந்தச் சிகரத்திலும் இல்லை. ஊர் மக்களும் இவர்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். உயரத்தில் ஏறி டெலஸ்கோப் வைத்தால் வீட்டுப் பெண்களைப் பார்க்கிறார்கள் என்று பல இடங்களில் தகராறு. அளக்கிறவன் பின்னாலேயே வரிக்காரன் வருவான் என்பதும் ஜனங்களுக்குத் தெரியாததில்லை.

இவ்வளவு துல்லியத்திலும் ஒரு வேடிக்கை நடந்தது. அட்சரேகையை நட்சத்திரம் பார்த்துச் சொல்லிவிடலாம். தீர்க்கரேகைக்கு ‘இந்த நொடியில் கிரீன்விச்சில் மணி என்ன’ என்று தெரிய வேண்டும். தந்தி இல்லாத காலம். எனவே நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தில், வியாழன் கிரகத்தின் நிலாக்கள் மறைவதையெல்லாம் வருஷக்கணக்காகப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். இந்தியாவின் மேப் முழுவதும் அந்த ஒரு இடத்தின் தீர்க்கரேகையைப் பிடித்துத்தான் தொங்கியது. பின்னாளில் கடலடித் தந்தி வந்து நேரத்தைச் சரியாக ஒப்பிட்டபோது குட்டு உடைந்தது: ஒரு டிகிரியில் சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்கு தப்பு! தரையில் நாலு கிலோமீட்டருக்கும் மேல். அதாவது, கன்னியாகுமரியும் காசியும் அண்ணனூரும் சேர்ந்து மொத்த தேசமும் காகிதத்தில் நாலு கிலோமீட்டர் கிழக்கே தள்ளி உட்கார்ந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் திருத்தினார்கள்.

இதனால் யாராவது வழி தவறினார்களா? ஒருவர்கூட இல்லை! எல்லா ஊரும் ஒன்றாகத் தள்ளிப்போனதால் ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தூரமும் திசையும் மாறவில்லை. ரயிலில் எல்லோரும் ஒரே சமயம் ஒரு சீட் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி. தவறு தெரிய வேண்டுமானால் வெளியிலிருந்து ஒருவன் பார்க்க வேண்டும். பிற்பாடு அந்த வெளி ஆள் செயற்கைக்கோள் உருவத்தில் வந்தான்.

முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளை அமெரிக்க ராணுவம் 1978 பிப்ரவரியில் ஏவியது. குறி பார்த்துக் குண்டு போடத்தான், நமக்கு ஓட்டல் கண்டுபிடித்துத் தர அல்ல. 1983 செப்டம்பர் 1-ம் தேதி நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாக சியோல் போன கொரியப் பயணிகள் விமானம் ஒன்று, ஆட்டோ பைலட்டைச் சரியான நிலையில் வைக்காததால் பாதை விலகி, சோவியத் வான்பரப்பில் நுழைந்தது. சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் பலி. தான் எங்கே இருக்கிறோம் என்பதே அந்த விமானிகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டே வாரத்தில் ரீகன் அரசு அறிவித்தது: ஜி.பி.எஸ். தயாரானதும் உலகச் சிவில் விமானங்களுக்கு இலவசம்.

இலவசம்தான். ஆனால் கலப்படச் சரக்கு! ராணுவத்துக்குத் துல்லியமான சிக்னல், பொதுஜனத்துக்கு வேண்டுமென்றே பிழை சேர்த்த சிக்னல். நூறு மீட்டர்வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதம் கிளின்டன் அரசு அந்தக் கலப்படத்தை நிறுத்திய ராத்திரியிலிருந்துதான் கார்களுக்கான ஜி.பி.எஸ். வியாபாரம் சூடு பிடித்தது. 1999 கார்கில் போரின்போது இந்தியா கேட்டும் அமெரிக்கா ஜி.பி.எஸ். தகவல் தரவில்லை என்ற கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சுவார்த்தை எப்படி நடந்தது என்பது எப்படியோ போகட்டும். அன்றைய தேதியில் அமெரிக்கப் படைக்கும் அதன் நேச நாடுகளுக்கும் தவிர வேறு யாருக்குமே சுத்தமான சிக்னல் கிடையாது என்பது ஒன்றே போதும், கவலைப்பட.

வேலை செய்யும் விதம் எளிமைதான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஒவ்வொரு செயற்கைக்கோளும் ‘என் கடிகாரத்தில் இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது’ என்று சொல்லிக்கொண்டே சுற்றுகிறது. அந்தச் செய்தி எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்து உங்கள் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. மூன்று செயற்கைக்கோள் போதாதா, எதற்கு நாலு? உங்கள் போனின் கடிகாரம் மட்டம்! ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் பிசகும். நாலாவது கணக்கு, அந்தப் பிசகைக் கண்டுபிடித்துக் கழிப்பதற்கு. டிரையல் பேலன்ஸ் இடிக்கும்போது ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’ போட்டு, பிறகு தேடிப் பிடித்துத் தீர்ப்போமே, அதே வேலை. ஐன்ஸ்டைன் சொன்னபடி மேலே கடிகாரம் தினமும் சுமார் 38 மைக்ரோ செகண்டு வேகமாக ஓடும். அதையும் கழிக்காவிட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் தப்பாகும்.

ஆக, புள்ளி சரி. பரங்கிமலையில் வாரக்கணக்கில் வெயிலில் காய்ந்து பெற்றதை இப்போது சில நொடிகளில் பெறுகிறோம். பாதை?

2009-ல் ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு தம்பதி, இத்தாலியின் காப்ரி தீவுக்குப் போக வேண்டியவர்கள், எழுத்தை மாற்றிப் போட்டதில் வடக்கே கார்ப்பி என்ற தொழிற்பேட்டை ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நீலக் கடல் எங்கே என்று அங்கே விசாரித்தார்களாம். தீவுக்குப் போகிறோமே, பாலமோ படகோ வரவில்லையே என்று தோன்றவில்லை! 2013-ல் பெல்ஜியப் பெண்மணி ஒருவர் பிரஸ்ஸல்ஸ் ரயில் நிலையத்தில் தோழியை அழைத்துவரக் கிளம்பி, பல தேசங்களைத் தாண்டி குரோஷியாவின் ஜாக்ரெப்வரை ஓட்டினார். 2016-ல் ஐஸ்லாந்தில் ஓர் அமெரிக்கர், தெருப் பெயரில் ஒரு ‘ஆர்’ கூடுதலாக விழுந்ததால் தலைநகரில் இருந்த ஓட்டலை விட்டுவிட்டு தேசத்தின் வடகோடிக்குப் போய்விட்டார். ஊர் மக்கள் அவரைக் கொண்டாடித் தீர்த்தது தனிக்கதை.

சிரிக்காதீர்கள். திருவள்ளூரையும் திருவாரூரையும் ஆங்கிலத்தில் வேகமாக அடித்துப் பாருங்கள். நம்ம பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு ஸ்பெல்லிங். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களுக்கு ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி உத்தரவு போட்டது. பக்கத்து அம்பத்தூரும் தப்பவில்லை. கிளம்பிய கேலியில் சில நாட்களிலேயே உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். துபாய்க்காரர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் ‘மக்கானி’ என்று பத்து இலக்க எண்ணைப் பதித்துவிட்டார்கள். அங்கே டெலிவரி வண்டி ஓட்டும் நம்மூர்ப் பையன்களுக்கு, அரபியும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம், நம்பர் போதும். தர்மபுரிக் குழிகளின் தூரத்துச் சொந்தம்!

பெயர்க் குழப்பத்தில் பெட்ரோல்தான் போகும். பழைய கோட்டை நம்பினால் உயிரே போகும். அமெரிக்காவில் மரணப் பள்ளத்தாக்கு என்று ஒரு பாலைவனம். 2009 கோடையில் ஒரு தாயும் ஆறு வயது மகனும் அங்கே வழி தவறி, மணலில் ஜீப் புதைந்து, ஐந்து நாள் கழித்துக் கண்டுபிடித்தபோது பையன் இறந்திருந்தான். அந்தப் பகுதியின் மேப்புகளில், பல பத்தாண்டுகளுக்கு முன் சுரங்கக்காரர்கள் போட்டுக் கைவிட்ட தடங்களெல்லாம் ‘ரோடு’ என்று உயிரோடு இருந்தன. பிறகு பூங்கா அதிகாரிகள் மேப் கம்பெனிகளிடம் பேசி, அப்படிப்பட்ட கோடுகளை நீக்க வைக்க வேண்டியிருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2024 நவம்பர் 24-ம் தேதி, உத்தரப்பிரதேசத்தில் பரேலி பக்கம், ராம்கங்கா ஆற்றுப் பாலம் ஒன்றில் ஏறிய கார் நேராக ஆற்றுப்படுகையில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் ஏற்கெனவே அடித்துக்கொண்டு போயிருந்தது. மேப்பில் பாலம் முழுசாக இருந்தது. தரையில் தடுப்பும் இல்லை. போலீஸ் வழக்கில் பொதுப்பணித் துறை இன்ஜினீயர்களும் மாட்டினார்கள், மேப் கம்பெனியின் பெயர் தெரியாத அதிகாரி ஒருவரும் சேர்க்கப்பட்டார். பாலம் போனதை எந்த ஆபீஸ் எந்தக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும்? இதற்கு முறையான ஏற்பாடு இருந்திருந்தால் அந்த மூவரும் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள்.

இன்னொரு விதமான பொய்யும் மேப்பில் உண்டு. அரசாங்கமே தெரிந்து செய்வது. சீனாவில் அதிகாரபூர்வ மேப்புகள் எல்லாம் ஒரு ரகசியக் கணக்கின்படி சில நூறு மீட்டர் நெளித்து வரையப்பட்டவை. அயல்நாட்டுக் கருவியோடு போனால் உங்கள் புள்ளி ரோட்டை விட்டு ஏரிக்குள் ஓடுவதாகக் காட்டும். தென் கொரியா தன் விவரமான மேப்பை வெளியே கொண்டுபோக கூகுளுக்கு 2007-லும் 2016-லும் அனுமதி மறுத்தது. சியோலுக்குப் போன நம்ம ஆட்கள், உலகமெங்கும் வழி சொன்ன போன் இங்கே ஊமையாகிவிட்டதே என்று திகைத்தது அதனால்தான்.

நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்? லாம்டன், எவரெஸ்ட் வழிவந்த சர்வே மேப்புகளை ‘ரகசியம்’ என்று முத்திரை குத்திப் பூட்டி வைத்திருந்தோம். அவை 1830-ல் எவரெஸ்ட் கணித்த பூமியின் வடிவத்தை நம்பியவை. ஜி.பி.எஸ். நம்புவது வேறு வடிவம். எனவே சர்வே ஷீட்டில் ஜி.பி.எஸ். எண்ணை அப்படியே குறித்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். பரங்கிமலையில் தொடங்கிய கணக்கும் வானத்துக் கணக்கும் ஒத்துப்போகவில்லை! 2005-ல்தான் ராணுவத்துக்குத் தனி மேப், மக்களுக்கு ஜி.பி.எஸ்.ஸோடு ஒத்துப்போகும் தனி மேப் என்று கொள்கை வகுத்தார்கள். இந்தியக் கம்பெனிகள் முன் அனுமதி இல்லாமல் தாராளமாக மேப் போடலாம் என்று 2021 பிப்ரவரியில் கதவைத் திறந்தார்கள். ஏறக்குறைய இருநூற்று இருபது வருஷம் எடுத்திருக்கிறது, நம்ம மண்ணின் அளவு நம்ம கைக்கு வர.

புள்ளியும் நமக்கே சொந்தமாக வேண்டும் என்று 2006-ல் மத்திய அரசு ஒப்புதல் தர, நமக்கு வடக்கே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 ஜூலையில் முதல் செயற்கைக்கோளை ஏவினார்கள். 2016-ல் ஏழாவதும் போனது. ‘நாவிக்’ என்று பெயர். சோதனை எங்கிருந்து வந்தது என்றால், கடிகாரத்திலிருந்து! வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பொருத்திய அணுக் கடிகாரங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பிறகு உள்ளூரில் செய்த அணுக் கடிகாரத்தோடு 2023 மே மாதம் ஒன்றை வெற்றிகரமாக ஏவினார்கள். அடுத்தது 2025 ஜனவரியில், ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதல். ராக்கெட் தன் வேலையைச் செய்தது. செயற்கைக்கோள் போக வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போக முடியாமல் நின்றுவிட்டது. வழி சொல்லப் போனதற்கே வழி சிக்கல்.

சரி, அடுத்த மாதம் மகளைப் பார்க்க ஐரோப்பாவுக்கோ மலேசியாவுக்கோ கிளம்புகிறீர்கள், அங்கே காரும் எடுக்கப்போகிறீர்கள் என்றால், இதோ சில விஷயங்கள். மேப்பை இங்கேயே வீட்டு வை-ஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சிம் செத்தாலும் புள்ளி சாகாது, அடியில் விரிக்கக் காகிதம் இருந்தால் போதும். ஊர்ப் பெயரை மட்டும் அடிக்காதீர்கள், தபால் குறியீட்டையும் சேர்த்து அடியுங்கள். பிரிட்டனில் அது ஒரு தெருவின் சின்னத் துண்டுவரை கொண்டுபோய் விடும். கிளம்புமுன் மொத்தப் பாதையையும் ஒருமுறை சுருக்கிப் பாருங்கள். எத்தனை மணி நேரம், எந்தத் திசை, நடுவில் கடல் உண்டா! பிரான்சில் வேகக் கேமரா இருக்கும் இடத்தை எச்சரிக்கும் வசதிக்கு 2012-லிருந்து தடை. போனில் அது இருந்தால் அணைத்துவிடுங்கள், அபராதம் பலமாக இருக்கும். ரோட்டோரப் பலகை ஒன்று சொல்லி, போன் வேறு சொன்னால் பலகைதான் ஜெயிக்க வேண்டும். அதை நேற்றுக்கூட யாராவது நட்டிருக்கலாம்.

அப்புறம், கார் வாடகைக்கு எடுத்த ஆபீஸ் வாசலையும் மேப்பில் ஒரு புள்ளியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது வண்டியைத் திருப்பிக் கொடுக்க அந்தச் சந்தைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள்.